படம் போடுவது சுலபம், பேச வைப்பதுதான் வேலை

ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒரு புது ஆசிரியரோ இரண்டாமாண்டு மாணவரோ என் மேசை முன்னால் வந்து நிற்பார்கள். "மேடம், ஃபிலிம் கிளப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். பண்பாட்டுப் பன்முகம்தான் தலைப்பு. என்ன படம் போடலாம்?" படம் என்பது நான்காவது கேள்வி. முதல் மூன்றை (வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள், சாதியைப் பேசப்போகிறோமா, குழுவில் யார்) கேட்காமல் நேரே படத்துக்குப் போன கிளப்புகள் தீபாவளி லீவோடு காணாமல் போனதை நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு நான் ஆரம்பித்தவை.

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் பத்து வருடங்களுக்கு மேலாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சம்பளத்தில் சேராத வேலை. இப்போது முதன்முறையாக இறங்குகிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைப் பாருங்கள்

பன்முகம் என்றதும் கண்ணில் வருவது ஒரு போஸ்டர்: இந்திய வரைபடம், அதைச் சுற்றித் தலைப்பாகை, முண்டு, மேகலா சாதர் கட்டிய பொம்மைகள். அதைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுங்கள். சென்னைக் கல்லூரியில் அறுபது பேர் வகுப்பென்றால் சௌகார்பேட்டையிலிருந்து ஒரு மார்வாடிப் பெண் இருப்பாள். திருவல்லிக்கேணியிலிருந்து வீட்டில் உருது பேசும் பையன், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண், வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிவந்த தாத்தாவின் பேரன், புழல் முகாமிலிருந்து பஸ் பிடித்து வரும் இலங்கைத் தமிழ் மாணவி, தர்மபுரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி, மணிப்பூரோ மிசோரமோ சொந்த ஊரான இரண்டு பேர். இவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பாதியின் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்றுகூடத் தெரியாது. மூன்று வருஷம் ஒரே பெஞ்சு.

அப்புறம் சாதி. அதைப் பன்முகத் தலைப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று சிலர் தயங்குவார்கள். நாகாலாந்தைப் பற்றிப் பேசுவது பலருக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம், அது தூரத்தில் இருக்கிறது என்பதுதான். பக்கத்து பெஞ்சைப் பற்றிப் பேசாத கிளப், சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். என் கட்சி இது. உங்களுக்கு வேறு கட்சி இருக்கலாம், ஆனால் முதல் மாதமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே முதல் படி, நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு. அதில் இரண்டு பேராவது விடுதி மாணவர்களாக இருக்கட்டும். ஒருவராவது தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவராக இருக்கட்டும். எல்லாரும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறையாக இருக்க வேண்டாம். காமிராக் கோணம் பேச நிறையப் பேர் கிடைப்பார்கள், கணக்குத் துறைப் பையன் கேட்கும் கேள்வி கிடைக்காது.

குழு சேர்ந்ததும் முதல் வேலையாக, மற்றவர்கள் நடத்தும் திரையிடலுக்குப் போய்ப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் கோத்தே இன்ஸ்டிடியூட், அலையான்ஸ் ஃபிரான்சேஸ் இரண்டிலும், ஆழ்வார்ப்பேட்டை ரஷ்யக் கலாச்சார மையத்திலும் படங்கள் போடுவார்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது, 2003இலிருந்து நடக்கிறது. படத்தைவிட, முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். யார் மைக்கைப் பிடிக்கிறார்கள், எத்தனை பேர் கதவைப் பார்த்து நடக்கிறார்கள், 'கேள்வி கேட்கிறேன்' என்று ஆரம்பித்துச் சொற்பொழிவு ஆற்றும் பெரியவரை நெறியாளர் எப்படி உட்கார வைக்கிறார். இரண்டு மாலைப் பொழுதில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

படம்

எந்தப் படமானாலும் சரி, என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் படத்திலிருந்து நம் தெருவுக்குத் திரும்பிவரும் ஒரு கேள்வி இருக்கிறதா?

உதாரணம் சொல்கிறேன். நிக்கோலஸ் கார்கோங்கர் இயக்கிய, 2019இல் வந்த 'ஆக்ஸோன்' என்ற இந்திப் படம். எழுத்தில் அப்படி இருந்தாலும் 'அகுனி' என்று சொல்ல வேண்டும், புளிக்கவைத்த சோயாவில் செய்யும் நாகா உணவுப் பொருள். டெல்லியில் வாடகைக்கு இருக்கும் வடகிழக்கு நண்பர்கள், தோழியின் கல்யாணத்துக்காக அகுனி போட்டுப் பன்றிக்கறி சமைக்க இடம் தேடி அலைகிறார்கள், அதன் வாசனை அக்கம்பக்கத்தைக் கிளப்பிவிடுகிறது. கதை அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒரு பையன் இதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து, "பாவம் மேடம் அவங்க, டெல்லிக்காரங்க ரொம்ப மோசம்" என்றான். பக்கத்தில் இருந்த ராயபுரம் பெண் சிரித்துவிட்டு, "எங்க அக்கா நங்கநல்லூர்ல வீடு பார்க்கப் போனப்ப முதல் கேள்வியே கருவாடு வறுப்பீங்களான்னுதான்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் படம் டெல்லியிலிருந்து கிளம்பிச் சென்னைக்கு வந்துவிட்டது. 'சைவம் மட்டும்' என்று போட்ட டு-லெட் போர்டைப் பார்க்காதவர் இந்த ஊரில் யார்? இன்னொரு கேள்வியும் அந்தப் படத்திலேயே இருக்கிறது: நேபாளிப் பெண் பாத்திரத்தில் நடித்தவர் சயானி குப்தா, வடகிழக்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் படங்களில் யார் யாராக நடிக்கிறார்கள் என்று அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

சாதியைப் பற்றிப் பேசுவதாக முடிவு செய்தால் நாக்ராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம் 'ஃபன்ட்ரி' இருக்கிறது, 2013இல் எடுத்தது. கடைசிக் காட்சியை இங்கே சொல்லமாட்டேன். விளக்கைப் போட்டவுடன் பேச்சைத் தொடங்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன், இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். தமிழில் வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். மதுரைப் பக்க வறண்ட நிலத்தில் ஒரு அப்பாவும் பையனும் நடக்கிறார்கள். இதைப் பார்த்து "தமிழ்நாட்டுல இப்படியெல்லாம் ஊர் இருக்கா?" என்று அண்ணாநகர் பிள்ளைகள் கேட்டால், பன்முகத்துக்கு மாநிலம் தாண்ட வேண்டியதில்லை என்று புரியும்.

நீளம் முக்கியம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகும் படத்தை முதல் வருடம் தொடவே வேண்டாம். இரண்டரை மணி நேரப் படம் போட்டால் கலந்துரையாடலுக்கு மிஞ்சுவது, மெஸ் மூடுவதற்குள் ஓட வேண்டிய பதற்றம் மட்டும். இருபது நிமிடக் குறும்படம், அரை மணி நேர ஆவணப்படம் எதிலும் ஆரம்பிக்கலாம். பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட் தயாரித்த ஆவணப்படங்கள் அவர்களுடைய யூடியூப் பக்கத்திலேயே நிறைய இருக்கின்றன. 1948இல் அரசு தொடங்கி, 2022இல் என்.எஃப்.டி.சி.யோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைத்த ஃபிலிம்ஸ் டிவிஷனின் பழைய படங்களும் தேடினால் கிடைக்கும். அவற்றில் அரசாங்கக் குரல் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். 'அந்தக் குரல் யாரைப் பார்த்துப் பேசுகிறது?' என்று கேட்டால் அதுவே அரை மணி நேரம் ஓடும்.

சான்றிதழைப் பார்க்க மறக்காதீர்கள். முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு ஜூலையில் 17தான் ஆகியிருக்கும். 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அவர்களுக்குப் போடக் கூடாது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, புதுப் படங்களில் அதையும் பாருங்கள்.

அனுமதிக் கடிதமும் சட்டமும்

கடிதத்தை எளிமையாக எழுதுங்கள். துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு. படத்தின் பெயர், மொழி, ஆண்டு, நீளம், சான்றிதழ், ஐந்து வரியில் கதை, நாள், நேரம், இடம், பொறுப்பாசிரியர் பெயர், எதிர்பார்க்கும் எண்ணிக்கை. கலந்துரையாடலுக்கு எடுத்துக்கொள்ளப்போகும் மூன்று கேள்விகளையும் கூடவே இணைத்துவிடுங்கள். இது நான் அடிபட்டுக் கற்ற விஷயம். முதல்வர்கள் பயப்படுவது பெரும்பாலும் படத்துக்காக அல்ல, படம் முடிந்தபின் யார் எழுந்து என்ன பேசி அது வீடியோவாகி எங்கே போகுமோ என்றுதான். கேள்விகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதே காரணத்துக்காக, கலந்துரையாடலை யாரும் மொபைலில் பதிவு செய்யக் கூடாது என்றும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மாணவர்கள் மனம் விட்டுப் பேசவும் அது உதவும்.

பதிப்புரிமையைப் பற்றிப் பலருக்கு இரண்டு தப்பான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, கல்லூரிக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பது. மற்றது, எதையுமே போட முடியாது என்பது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கல்லூரியின் செயல்பாடுகளில் ஒன்றாகப் படம் போடும்போது, பார்வையாளர்கள் அந்தக் கல்லூரியின் ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர்கள், கல்லூரியின் செயல்பாடுகளோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் அது மீறல் ஆகாது. அந்த வட்டம்தான் முக்கியம். கேட்டுக்கு வெளியே 'அனைவரும் வருக' என்று போஸ்டர் ஒட்டினாலோ டிக்கெட் போட்டாலோ கதை வேறு. அப்போது உரிமையாளரிடம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஓடிடி கணக்கு இன்னொரு சிக்கல். உங்கள் சந்தா உங்கள் வீட்டுக்கானது, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதன் நிபந்தனையில் இருக்கும். சட்ட விலக்கு ஒரு பக்கம் இருக்க, நீங்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய ஒப்பந்தம் தனியாக நிற்கும். நெட்ஃப்ளிக்ஸ் தன் சொந்த ஆவணப்படங்கள் சிலவற்றைக் கல்விக்காகத் திரையிட அனுமதிக்கிறது, எவை என்பது அந்தந்தப் படத்தின் பக்கத்திலேயே குறிப்பாக இருக்கும். மற்றபடி டிவிடி வாங்குங்கள், அல்லது இயக்குநருக்கு நேரே எழுதுங்கள். சின்னப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகப் பதில் போடுவார்கள், சிலர் தாங்களே வருகிறேன் என்பார்கள். டெலிகிராமில் இறக்கிய பிரதியைக் கல்லூரி அரங்கில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் இயக்குநரை விருந்தினராகக் கூப்பிட வேண்டிவந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

நாள், நேரம்

புதன் அல்லது வியாழன். வெள்ளி மதியம் விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் பை கட்டிவிடுவார்கள், திங்கள் யாருக்கும் ஆகாது. ஷிஃப்ட் முறை இருக்கும் கல்லூரி என்றால் காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் தொடங்கும் இடைவெளியில் போட ஆசை வரும். போடாதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் உதவாது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஷிஃப்டுக்கு என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதியின் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று வார்டனிடம் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கலந்துரையாடலில் பாதியில் எழுந்து போகிறவர்கள் எல்லாரும் பெண்களாக இருந்தால் அது உங்கள் கால அட்டவணையின் தவறு. நவம்பரில் மழையும் செமஸ்டரும் சேர்ந்து வரும், அந்த மாதத்தை மறந்துவிடுங்கள்.

ஐ.நா.வின் பண்பாட்டுப் பன்முக நாள் மே 21. நம் ஊரில் அன்று கல்லூரி பூட்டியிருக்கும், கத்திரி வெயிலில் நாய்கூட வராது. அதற்குப் பதில் பிப்ரவரி 21ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், உலகத் தாய்மொழி நாள். 1952இல் வங்க மொழிக்காக டாக்காவில் போராடிய மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்த நாள் அது. 1965ஐப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அரங்கில் போஜ்புரியோ மைதிலியோ பேசும் மாணவர் ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், இந்தி தன் வீட்டு மொழியை என்ன செய்தது என்று. நம் பிள்ளைகள் 'இந்திக்காரன்' என்று ஒரே சொல்லில் முடித்துவைத்த ஆள் அன்று வேறு மாதிரித் தெரிவார்.

வருகைக்கு ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகப் போடும் 'ஆன் டியூட்டி') கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுத்தால் இருநூறு பேர் வருவார்கள், நூற்றெண்பது பேர் மொபைல் பார்ப்பார்கள். எனக்கு முப்பது பேர் போதும்.

வயர், சத்தம், திரை

முதல் நாளே அரங்கத்துக்குப் போய் முழு ஒத்திகை பாருங்கள். 'புரொஜெக்டர் ஓடுது மேடம்' என்ற வாக்கியத்தை நம்பாதீர்கள். ஓடும், ஆனால் அதில் பழைய விஜிஏ வயர் மட்டும் இருக்கும், உங்கள் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ மட்டும் இருக்கும். ஒரு கன்வர்ட்டரும் பத்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ வயரும் கிளப்பின் சொந்தச் சொத்தாக இருக்கட்டும், ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். வாங்கும்போதே கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சத்தம். ஹெச்டிஎம்ஐ மாட்டியவுடன் லேப்டாப் தன் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டருக்குள் இருப்பது தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர். என் முதல் திரையிடலில் பத்து நிமிடம் படம் கூரைக்குக் கீழே கொசு மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் ஆம்ப்ளிஃபையரைத் திருகிக்கொண்டே இருந்தேன், கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் வந்து லேப்டாப்பின் ஒலி வெளியீட்டை மாற்றினான். டாஸ்க் பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் எங்கே ஒலி போகிறதென்று பட்டியல் வரும், அங்கே மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆடியோ வயரை அரங்க மிக்ஸரில் மாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். காலி அரங்கில் சரியாக இருக்கும் சத்தம், ஆள் நிறைந்ததும் கொஞ்சம் குறையும். ஃபேனை வேறு போடுவார்கள். ஒரு படி கூட்டி வையுங்கள்.

லேப்டாப்பில் வாட்ஸப் வெப்பை மூடுங்கள். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

சப்டைட்டில் இந்த மாதிரித் திரையிடலுக்கு உயிர்நாடி. தமிழ்ப் படம் போட்டால் ஆங்கில வரிகள் கட்டாயம், வெளிமாநில மாணவர்கள் அதற்காகவே வருகிறார்கள். பிறமொழிப் படத்துக்கு ஆங்கில வரிகள் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை அந்த வேகத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும், வெளியே சொல்லாது. எங்கள் கிளப்பில் நான்கு மாணவர்கள் சேர்ந்து குறும்படங்களுக்குத் தமிழ் வரிகளைத் தாங்களே எழுதுகிறார்கள், படத்தை எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு. சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்து வரிகளை மாற்றி, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். விஎல்சி பிளேயரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சப்டைட்டில் அமைப்பில் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று மாற்றுங்கள். கோப்பின் பெயரும் படத்தின் பெயரும் ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் தானாக ஏறிக்கொள்ளும். வரிகள் முன்னே பின்னே ஓடினால் 'ஜி', 'ஹெச்' விசைகளைத் தட்டி ஐம்பது மில்லிசெகண்டாக நகர்த்தலாம். இதைக் கற்றுக்கொண்ட ஒருவர் படம் முடியும்வரை லேப்டாப்பை விட்டு நகரக் கூடாது.

சென்னைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள். படம் அவர்களுக்கில்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு நண்பர் உட்கார்ந்து காட்சியைக் காதோடு சொல்லிக்கொண்டு வரலாம், அவர் மட்டும் படத்தை முன்கூட்டியே ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். கடைசி வரிசை ஓரத்தில் இரண்டு இருக்கை ஒதுக்கினால் மற்றவர்களுக்குத் தொந்தரவும் இல்லை. அப்படிக் கேட்ட ஒரு மாணவர், கதாநாயகி மாமியார் வீட்டில் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறாள் என்று சொன்னார். பார்த்த நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

படம் முடிந்த பிறகு

உண்மையான வேலை இங்கேதான். பெயர்கள் ஓடும்போது விளக்கைப் போடாதீர்கள். ஓடி முடிந்ததும் பாதி விளக்கு, ஐந்து நிமிடம் டீ. டீயை அரங்கத்துக்குள்ளேயே கொடுங்கள், வெளியே வைத்தால் கூட்டம் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். இந்த ஐந்து நிமிடத்தில் நாற்காலிகளை வட்டமாக, முடியாவிட்டால் அரைவட்டமாகப் போடுங்கள். மேடையில் யாரும் உட்கார வேண்டாம். விருந்தினர் இருந்தால் அவரும் கீழே.

'படம் எப்படி இருந்தது?' என்று ஆரம்பித்தால் 'சூப்பர் மேடம்' என்று பதில் வரும், கதை முடிந்தது. காட்சியில் ஆரம்பியுங்கள். "எந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு? ஒண்ணு சொல்லுங்க." இதற்குச் சரி தப்பு கிடையாது, அதனால் வாய் திறக்கப் பயமில்லை. ஏழெட்டுப் பேர் சொன்னதும் இரண்டாவது கேள்வி: "இதுல உங்களுக்குப் புரியாதது, சங்கடமா இருந்தது எது?" மூன்றாவதுதான் தெருவுக்குத் திரும்பும் கேள்வி. அகுனிக்குக் கருவாடு மாதிரி. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதைவிட அரங்கிலிருந்து தானாக வந்தால் பலம் அதிகம், அதனால் கொஞ்சம் காத்திருங்கள். மௌனம் வந்தால் பதறி நீங்களே பேசிவிடாதீர்கள். ஆசிரியர்களுக்கு அதுதான் கஷ்டம். நான் மனசுக்குள் இருபது எண்ணுவேன். பதினைந்துக்குள் யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள்.

மொழியைப் பற்றி முதலிலேயே அறிவித்துவிடுங்கள்: தமிழ், ஆங்கிலம், இந்தி, மலையாளம், எதில் வந்தாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் மாற்றிச் சொல்வார். ஆங்கிலத்தில் மட்டும் நடத்தினால் மூன்று பேர்தான் பேசுவார்கள், எப்போதும் அதே மூன்று பேர். தமிழில் மட்டும் நடத்தினால் யாரைப் பற்றிய படமோ அவர்களே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாற்றிச் சொல்வதால் வேகம் குறையும். குறையட்டும், யோசிக்க நேரம் கிடைக்கும்.

இப்போது என் தவறைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன், வடகிழக்கைப் பற்றிய ஓர் ஆவணப்படம் போட்டோம். முடிந்ததும் மணிப்பூர் மாணவர் ஒருவரைப் பார்த்து, மைக்கில், எல்லார் முன்னாலும், "உங்க ஊர்ல எல்லாம் இப்படித்தானா? நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். நல்ல எண்ணத்தில்தான். அவர் எழுந்து நின்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: படத்தில் வந்தது நாகாலாந்து, நான் இம்பாலில் வளர்ந்தவன், எனக்கும் அந்த ஊர் உங்களைப் போலவே புதிது. உட்கார்ந்துவிட்டார். அரங்கம் சிரித்தது, என்னைப் பார்த்துத்தான். அவர் அடுத்த மாதம் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. காரிடாரில் பார்த்தால் 'குட் மார்னிங் மேடம்' என்று சொல்வார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரையும் அவர் ஊருக்கோ மதத்துக்கோ சாதிக்கோ பிரதிநிதியாக எழுப்பிவிடக் கூடாது. பேச விருப்பமுள்ளவர் தானே கை தூக்குவார். ஒரு சமூகத்தைப் பற்றிய படம் போடும்போது அந்தச் சமூகத்து மாணவர்களிடம் முன்கூட்டியே, தனியாக, படத்தைக் காட்டிக் கேட்கலாம்: இதைப் போடலாமா, எதைச் சொல்லிவிட்டுப் போட வேண்டும், கலந்துரையாடலை நீங்கள் நடத்துகிறீர்களா? வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். காரணம் கேட்காமல்.

வாயால் சொல்ல முடியாததற்குத் துண்டுச்சீட்டு. டீயோடு சேர்த்து ஆளுக்கொரு சீட்டும் பென்சிலும் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம். ஒரு பழைய ஷூ டப்பாவில் போடச் சொல்லி, கலந்துரையாடலின் நடுவில் நாலைந்து எடுத்து வாசியுங்கள். வாசிப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஒருவரைச் சுட்டிக்காட்டும் சீட்டு என்றால் எடுக்க வேண்டாம். ஒருமுறை வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'என் ஃப்ரெண்ட் வீட்டுக்கு மூணு வருஷமா போறேன். எனக்கு மட்டும் டம்ளர் வேற.' எந்த ஊர், யார் வீடு, எழுதியது யார், எதுவும் தெரியாது. ஆனால் அந்த அரங்கில் இருந்த ஒருவருடைய கையெழுத்து. அதற்குப் பிறகு நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எதுவும் தேவைப்படவில்லை.

சண்டை வருமா? வரும். 'எங்க சாதியைப் பத்தித் தப்பா காட்டியிருக்காங்க' என்று ஒருவர் எழுவார், 'இதெல்லாம் இப்ப யார் பாக்குறா' என்று இன்னொருவர் அலட்சியமாகச் சொல்வார். குரல் உயர்ந்தால் ஆளை விட்டுப் படத்துக்குத் திரும்புங்கள்: "எந்தக் காட்சியை வெச்சுச் சொல்றீங்க? அதைத் திரும்பப் போடுவோம்." காட்சியைத் திரும்ப ஓட்ட ஆகும் ஒரு நிமிடத்தில் பாதிச் சூடு தணிந்துவிடும். லேப்டாப்பில் ஆள் இருக்கச் சொன்னது இதற்கும்தான். வசவோ கிண்டலோ நேராக ஒருவர் மேல் விழுந்தால் மட்டும் நெறியாளர் அங்கேயே நிறுத்த வேண்டும், 'அப்புறம் பேசிக்கலாம்' என்று தள்ளக் கூடாது. அடிபட்டவர் நிறுத்துகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும். மிச்சப் பேச்சு விடுதிக்கும் பீச் ஸ்டேஷன் ரயிலுக்கும் போகட்டும். முடிவில் ஆசிரியர் எழுந்து 'ஆக, நாம் அனைவரும்...' என்று தொகுத்துப் பேசும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஆட்கள் போனதும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பேசினார்கள், அதில் புதிதாகப் பேசியவர்கள் எத்தனை பேர், அடுத்து என்ன படம் கேட்டார்கள். துறை அறிக்கைக்கு வருகை எண்ணிக்கை போதும், உங்களுக்கு வேண்டியது மூன்றாவது எண். ஷூ டப்பாச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அன்றே கிழித்துவிடுங்கள். அப்புறம் புரொஜெக்டர் ஆறியதும் மெயினை அணைத்து, ரிமோட்டை ஆபீஸில் எண்ணிக் கொடுத்து, டீக் கப்புகளைப் பொறுக்கி, சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எங்கள் வாட்ச்மேன் கடைசி வரிசையில் நின்று படம் பார்ப்பவர். சாவி வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கேட்பார், "அடுத்து எப்பம்மா?"